கேட்காமல் வெட்டிக் கொடுத்த அலுமினியப் பட்டை

மகனே,

நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய், நன்றாகத் தூங்குகிறாய் என்பது உன் கையெழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அதனால் நலம் விசாரிப்பதில் காகிதத்தை வீணாக்காமல் நேரே விஷயத்துக்கு வருகிறேன். பம்பாயில் மழை விட்டது, அறைக்கு ஒரு சன்னல் கிடைத்தது, உன் கல்யாணத்துக்குப் பத்து நாள் லீவு கிடைத்தது எல்லாம் படித்துச் சந்தோஷப்பட்டோம். அப்பா முழுக் கடிதத்தையும் இரண்டு முறை படித்தார். நான் கடைசிப் பக்கத்தை மட்டும் நாலு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். "அந்தப் பெண்ணுக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்கிறாய். என்ன எழுதுவது அம்மா? தெரிய வேண்டியதெல்லாம் தெரியும். கேட்பதற்கு ஒன்றுமில்லை" என்று எழுதியிருக்கிறாய். உனக்கு என்ன தெரியும் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். பெயர் தெரியும். பி.எஸ்சி. படித்தவள், பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள் என்று தெரியும். தலத்தெருவில் அவர்கள் வீட்டுக்குப் போய் நாம் உட்கார்ந்திருந்த அரை மணி நேரமும் நீ சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாய், அவள் காபித் தம்ளரைப் பார்த்தாள். ஒரு மனுஷியிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று என் வயிற்றில் பிறந்தவன் எழுதிவிட்டானே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதனால் நம் கடையில் நடந்த ஒன்றை உனக்குச் சொல்லப் போகிறேன். அது நடந்தபோது நீ ஊரில் இல்லை. அப்புறம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

கடை எப்படி என் கைக்கு வந்தது என்பதே உனக்குச் சரியாகத் தெரியாது என்று நினைக்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கார் உத்தியோகம். அவர் பெயரில் வியாபாரம் செய்யக் கூடாது. மெட்ராஸ் கம்பெனி ஒன்று ஊருக்கு ஒரு ஏஜென்சி கொடுக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டு, என் பெயரில் மனுப் போட்டார். நான் கையெழுத்து மட்டும் போட்டால் போதும், கடையைச் சூசை அண்ணன் பார்த்துக்கொள்வார் என்பது ஏற்பாடு. சூசை அண்ணன் பட்டறையில் இருபது வருஷம் ரம்பம் பிடித்த மனிதர். கடை திறந்த அன்று சும்மா எட்டிப் பார்க்கப் போனேன். போனவள் திரும்பவில்லை. மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். ஒரு வாரம் கழித்து அப்பா, "ஏம்மா, மத்தியானச் சோறு இனிமே கடைக்கு வந்துதான் சாப்பிடணுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவ்வளவுதான், கடை என்னுடையதாகிவிட்டது.

என்னை அங்கே பிடித்து வைத்தது வியாபாரம் இல்லை. அந்தக் கடையின் சரக்கு அப்படி. அதுவரை காரைக்காலில் இரும்பு வேண்டுமென்றால் பெரிய மண்டிகளில் முழு நீளமாகத்தான் வாங்க வேண்டும். அரை அடிக் கம்பி கேட்டுப் போனால் சிரித்து அனுப்பிவிடுவார்கள். நம் கம்பெனியின் சட்டமே வேறு. எல்லா ஊரிலும் ஒரே நீலப் பலகை, ஒரே மாதிரி அலமாரி, ஒரே சட்டம்: ஒரு சாண் கேட்டாலும் வெட்டிக் கொடுக்க வேண்டும். இரும்பு, பித்தளை, செம்பு, அலுமினியம், ஈயம், துத்தநாகம், எதுவானாலும் சரி. ஊர் அதற்குத் துண்டுக் கடை என்று பெயர் வைத்தது, நான் துண்டுக் கடையம்மா ஆனேன். யோசித்துப் பார். முழு நீளம் வாங்குகிறவன் எதற்கு வாங்குகிறான் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், வீடு கட்டுவான். ஆனால் ஒரு மனிதன் பஸ் ஏறி வந்து நாலு விரல் பித்தளை மட்டும் வாங்கிக்கொண்டு போனால்? அதற்குப் பின்னால் ஒரு கதை இல்லாமல் இருக்குமா?

கேட்பதற்கு எனக்குக் கம்பெனியே லைசென்சு கொடுத்திருந்தது. மாதா மாதம் மெட்ராசுக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டும். அதில் ஒரு பத்தி, "என்ன உபயோகத்திற்கு". ஒரே உலோகத்தில் பல ரகம் இருப்பதால், வாங்குகிறவரின் தேவை தெரிந்தால்தான் சரியான ரகத்தைக் கொடுக்க முடியும் என்று கம்பெனி ஆள் இரண்டு நாள் தங்கிச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். மற்ற ஊர் ஏஜெண்டுகள் அந்தப் பத்தியில் ஒரு வார்த்தை எழுதுவார்களாம். நான் பின்பக்கத்திலும் எழுதி அனுப்பினேன். திருநள்ளாற்று லாட்ஜ்காரர் இருபது அலுமினியக் கொக்கிக்குப் பட்டை வாங்கினார். குளத்தில் முழுக்குப் போட்டுவிட்டு வருகிறவர்கள் ஈரத்துணியைக் கதவு மேல் போட்டுக் கதவெல்லாம் உப்பிப்போகிறதாம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு பெரியவர் மாதத்துக்கு ஒரு முறை வந்து செம்புக் கம்பி வாங்குவார், "மெர்சி மதாம்" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லித் தொப்பியைத் தொடுவார். மூன்றாவது மாதம் கேட்டேன். கூண்டில் வளர்க்கிற கிளி ஒவ்வொரு கம்பியையும் கடித்து வளைத்துவிடுகிறது, திறந்துவிட மனசில்லை, அதனால் கம்பியை மாற்றுகிறேன் என்றார். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் துத்தநாகத் தகடு வாங்கிப்போய் எலுமிச்சம்பழத்தில் குத்தி விளக்கு எரிய வைக்கப் போகிறேன் என்றார். எரிந்ததா என்று தெரிந்துகொள்ள நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்கே போனேன். எரியவில்லை. நாலு பழத்தைச் சேர்த்து வைத்தபோது மின்சாரம் அளக்கிற மீட்டரின் முள் மட்டும் கொஞ்சம் அசைந்தது. அதற்கே அவர் அப்படிச் சந்தோஷப்பட்டார்.

இப்படி இரண்டு வருஷம் போனது. அப்புறம் ஒரு சனிக்கிழமை, கடையில் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். மூன்றடி இரும்புப் பட்டை வேண்டும், கனமாக வேண்டும் என்றாள். வழக்கம்போல நான், "எதுக்கும்மா?" என்றேன். "கதவுக்கு" என்றாள். "வெளிப்பக்கத் தாழ்ப்பாளுக்கா, உள்பக்கத்துக்கா? அதுக்குத் தக்க வெட்டணும்ல, அதான் கேக்குறேன்." அவள் குரல் இறங்கிப்போய், "உள்பக்கம் போடத்தாங்க" என்றாள். நின்றவர்களில் ஒருவன், "ஏன், வூட்டுக்காரர் ஊர்ல இல்லீங்களா?" என்று சிரித்தான். இன்னொருவனும் சிரித்தான். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அப்போதுதான் அவள் கன்னத்தில் அடிபட்டுக் கன்றிப்போன தடத்தைப் பார்த்தேன். வூட்டுக்காரர் ஊரில் இருந்ததால்தான் அவளுக்கு அந்தப் பட்டை வேண்டியிருந்தது. சூசை அண்ணன் வெட்டி முடிக்கும்முன் அவள் போய்விட்டாள். பட்டையை எடுத்துக்கொண்டு பெரிய தெரு முனை வரைக்கும் ஓடினேன். எந்தப் பக்கம் போனாள் என்று தெரியவில்லை. அவள் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. அப்புறம் ஒருநாளும் அவள் வரவில்லை. அவள் வீட்டுக் கதவுக்கு வேறு ஏதாவது கிடைத்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்து அழுதேன். அப்பாவிடம் சொன்னேன். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஆனால் சொன்னது இதுதான்: "கடையில உக்காந்து கோர்ட்டா நடத்துற? துட்டக் குடுத்தா வெட்டிக் குடுக்குறது. அவங்கவங்க பாடு அவங்கவங்களுக்கு." அன்று முதல் கேட்பதை நிறுத்தினேன். அளவு என்ன, எந்த உலோகம், அவ்வளவுதான். "என்ன உபயோகத்திற்கு" என்ற பத்தியில் எல்லா வரியிலும் "வீட்டு உபயோகம்" என்று எழுதி அனுப்பினேன். கடையில் உட்காருவதே பாரமாக இருந்தது. என் தப்பு கேட்டது இல்லை, நாலு பேர் நடுவில் கேட்டதுதான் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. சுட்டுக்கொண்ட பிள்ளை அடுப்பையே வெறுப்பதுபோலக் கேள்வியையே வெறுத்தேன்.

அந்த மாதங்களில்தான் வைத்திலிங்கம் வந்தார். நெடுங்காட்டில் சைக்கிள் பழுது பார்க்கிறவர். ஒல்லியான மனிதர், விரலெல்லாம் கிரீஸ். அலுமினியப் பட்டை இரண்டு வேண்டும், முக்கால் அங்குல அகலம், ஒவ்வொன்றும் இத்தனை நீளம் என்று ஒரு கயிற்றை எடுத்து நீட்டினார். கயிற்றில் மூன்று இடத்தில் முடிச்சுப் போட்டிருந்தது. "நல்லா லேசா இருக்கணுங்க" என்றார். அந்த முடிச்சுகளைப் பார்த்ததும் என் நாக்கு நுனி வரைக்கும் கேள்வி வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன். அலமாரியில் அலுமினியம் இரண்டு ரகம் இருந்தது. நுனியில் பச்சைச் சாயம் அடித்தது மிருதுவான ரகம், கையாலேயே வளைக்கலாம், பெயர்ப் பலகைக்கும் அலங்காரத்துக்கும் போவது. சிவப்புச் சாயம் அடித்தது கடினம், ஏணிக்குப் போவது, பாரம் தாங்கும். அவர் ரகம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சைக்கிள்காரர், ஏதோ கேரியருக்கு அழகு பார்ப்பார் என்று நானே நினைத்துக்கொண்டு பச்சையில் வெட்டச் சொன்னேன். வாங்கிக்கொண்ட பிறகும் அவர் உடனே போகவில்லை. பட்டையைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நான் படிவத்தில் குனிந்துகொண்டேன். போய்விட்டார்.

பதினைந்து நாள் இருக்கும். முற்பகலில் மறுபடி வந்தார். துணிப்பையிலிருந்து ஒன்றை மெதுவாக எடுத்து மேசைமேல் வைத்தார். இரண்டு பட்டைக்கும் நடுவில் தோல்வார், கீழே ஒரு சின்ன பூட்ஸ். ஒரு பட்டை முழங்கால் மட்டத்தில் வாழைமட்டைபோல மடங்கிக் கிடந்தது. பார்த்த உடனே புரிந்துவிட்டது. இளம்பிள்ளை வாதம் வந்த பிள்ளைகளுக்குக் காலில் மாட்டுகிற காலிப்பர் அது. அவர் மகள் மல்லிகாவுக்கு ஒன்பது வயது. வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புக் காலிப்பர் அவளுக்குச் சிறுத்துவிட்டது, கனமும் அதிகம். இரண்டு நாள் கடையை அடைத்துப் போய்வர முடியாமல், தானே லேசாக ஒன்று செய்யலாம் என்று பார்த்திருக்கிறார். வாய்க்கால் மதகுப் படியில் இறங்கும்போது பட்டை மடங்கிப் பிள்ளை விழுந்து, கை எலும்பு முறிந்து, மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது.

அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. "நீங்க ஒண்ணுமே கேக்கலீங்களேம்மா" என்றார். "துண்டுக் கடையம்மா எல்லார்ட்டயும் என்னா ஏதுன்னு கேப்பாங்க, கேட்டுச் சரியானத எடுத்துக் குடுப்பாங்கன்னு சொன்னாங்க. எனக்கு இதப் பத்தி வெவரம் பத்தாது. நாமளா ஆரம்பிச்சுச் சொல்லவும் கூச்சமா இருந்துச்சு. நீங்க கேப்பீங்கன்னு நெனச்சுத்தான் அவ்வளவு நேரம் நின்னேன்."

மகனே, என்னை யாரும் அப்படி அடித்ததில்லை.

சூசை அண்ணன் எழுந்துபோய்ச் சிவப்பு நுனிப் பட்டையை எடுத்தார். வெட்டப் போனவரை நான்தான் நிறுத்தினேன். "இருங்கண்ணே. பிள்ளையப் பாக்காம இன்னொரு தடவ வெட்ட வேணாம்." மறுநாள் கடையைச் சாத்திவிட்டு நானும் சூசை அண்ணனும் பட்டையோடு நெடுங்காட்டுக்குப் பஸ் ஏறினோம். ஆற்றில் தண்ணீர் வந்திருந்த சமயம். வழியெல்லாம் நடவு நடந்துகொண்டிருந்தது. வைத்திலிங்கம் பாதை முனையிலேயே காத்திருந்து கூட்டிக்கொண்டு போனார்.

மல்லிகா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கையில் கட்டு, கண்ணில் மட்டும் ஒரு துறுதுறுப்பு. மன்னிப்புக் கேட்கலாம் என்று போனவள் நான். அந்தக் கண்ணைப் பார்த்ததும் அதையெல்லாம் விட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தேன். இது எங்கே உறுத்துகிறது, எதில் ஏறக் கஷ்டம், எதில் இறங்கக் கஷ்டம், எப்போது கழற்றி எறியலாம் போலிருக்கிறது என்று கேட்டேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். "சொல்லும்மா" என்றார். அவள் சொல்ல ஆரம்பித்தாள். கனம் அவளுக்குப் பெரிய கஷ்டமே இல்லையாம். "அது பழகிருச்சு. உக்காந்தா கால் மடங்க மாட்டேங்குது, அதான். கிளாஸ்ல எங்கால் நீட்டிக்கிட்டே இருக்கும். எல்லாரும் தாண்டித் தாண்டிப் போவாங்க. சில பேரு வேணும்னே தாண்டுவாங்க. அதனால நான் கடைசில, சொவரு ஓரமா உக்காந்துருவேன். அங்கேருந்து போர்டு தெரியாது."

வைத்திலிங்கம் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். "எங்கிட்ட சொல்லவே இல்லியேடா" என்றார். அவள், "நீங்க கேக்கலியேப்பா" என்றாள். குற்றம் சாட்டுகிற குரலே இல்லை, சும்மா சொன்னாள். கயிற்றை வைத்து மகளின் காலை மூன்று இடத்தில் அளந்த மனிதர், அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் வந்த பாசத்தை எப்படிச் சொல்வது? நாங்கள் இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்தவர்கள்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சைக்கிள்காரரும் ரம்பக்காரரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அந்த மூன்று வாரம் பார்த்தேன். பட்டையை முழங்கால் இடத்தில் இரண்டாகப் பிரித்து நடுவில் கீல் வைப்பது, நிற்கும்போது மடங்காமல் இருக்க ஒரு வளையம் மேலிருந்து சரிந்து கீலை மூடிக்கொள்வது, உட்காரும்போது விரலால் வளையத்தைத் தூக்கினால் கால் மடங்குவது. ஆஸ்பத்திரிகளில் அந்த மாதிரி உண்டு என்று பிறகு தெரிந்தது. எங்களுக்கு அப்போது தெரியாது, நாங்களே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டோம். முதல் வளையம் இறுகிப்போய்த் தூக்கவே முடியவில்லை. இரண்டாவது தானாகவே நழுவியது. கடின ரகத்தை அவசரப்பட்டு வளைத்தால் விண்டுபோகும் என்று சூசை அண்ணன் ஒரு வளைவுக்கு அரை நாள் எடுத்துக்கொண்டார். மூன்றாவது வளையத்தைப் பித்தளையில் செய்தோம். ஒவ்வொன்றையும் மல்லிகாதான் ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்து, "ம்ஹூம்" என்றோ, "இன்னுங் கொஞ்சம்" என்றோ சொன்னாள். முடிந்ததை இங்கே ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரிடம் காட்டினோம். அவர் வளையத்தை நாலைந்து முறை தூக்கித் தூக்கிப் போட்டுப் பார்த்தார், ஒரு இடத்தில் தோல்வாரை மட்டும் அகலமாக்கச் சொன்னார். கைக்கட்டுப் பிரித்த வாரம் அவள் பள்ளிக்கூடம் போனாள். முதல் வரிசையில் உட்கார்ந்தாளா என்று கேட்க நான் அந்தச் சாயங்காலமே பஸ் ஏறிப் போனேன். இரண்டாவது வரிசையாம். முதல் வரிசையில் உட்கார்ந்தால் வாத்தியார் கேள்வி கேட்பாராம்.

அதற்குப் பிறகு நான் மறுபடி கேட்க ஆரம்பித்தேன். ஆனால் மேசையைக் கடையின் உள்மூலைக்கு மாற்றிப் போட்டு, எதிரே ஒரு நாற்காலி போட்டேன். ஒரு நேரத்தில் ஒருவர்தான் அங்கே வரலாம். குரலைத் தாழ்த்திக் கேட்பேன். "சொல்ல இஷ்டம் இல்லேன்னா வேணாம், என்ன பாரம் தாங்கணும்னு மட்டும் சொல்லுங்க" என்பேன். அப்படிச் சொன்னால் பாதிப் பேர் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள்.

போன மாதம் மல்லிகா வந்தாள். வாத்தியார் வேலைக்குப் பயிற்சி முடித்துவிட்டாள். வளர வளர ஐந்தாறு காலிப்பர் மாறிவிட்டது, இப்போது இருப்பது எங்கோ வெளியூரில் செய்தது, நம்முடையதைவிட நன்றாக இருக்கிறது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து, வளையத்தைத் தூக்கிக் காலை மடக்கிக்கொண்டு, உள்ளங்கை அகலத்துக்கு மெல்லிய செம்புத் தகடு வேண்டும் என்றாள். "எதுக்கும்மா?" என்றேன். சிரித்தாள். "அத மட்டும் கேக்காதீங்க பெரியம்மா." முகமெல்லாம் சிவந்துவிட்டது. நானே ஓரத்தைத் தேய்த்து மழுக்கிக் கொடுத்தேன். யாருக்கோ ஏதோ செய்யப் போகிறாள். யாருக்கு, என்ன என்று ஒரு மாதமாக மண்டையைக் குடைகிறது. குடையட்டும். கேட்டேன், அவள் சொல்லவில்லை, இரண்டு பேரும் சந்தோஷமாகத்தான் இருக்கிறோம்.

அதனால் அந்தப் பெண்ணுக்கு எழுது. பெரிய கேள்வியெல்லாம் வேண்டாம். காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வாள் என்று கேள். எந்தப் பாடம் நடத்தும்போது அவளுக்கே கொட்டாவி வருகிறது என்று கேள். பம்பாய் என்றதும் அவளுக்குப் பயமா, ஆசையா என்று அவசியம் கேள், அதை அவள் வீட்டில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஊர் நடுவில் வைத்து, உன் சிநேகிதர்கள் முன்னால் வைத்து எதையும் கேட்காதே. பதில் வராவிட்டால் முகத்தைத் தூக்கிக்கொள்ளாதே.

உனக்கு இவ்வளவு சொல்கிறவள் உன்னிடம் ஒன்றைக் கேட்காமல் விட்டிருக்கிறேன். நெடுங்காட்டிலிருந்து திரும்பின அந்த முதல் நாள், பஸ்ஸில் சூசை அண்ணன் தூங்கிவிட்டார், எனக்கு உன் முகம்தான் எதிரே நின்றது. அதற்கு முந்தின வருஷம்தான் உன்னைப் புதுச்சேரி விடுதியில் கொண்டுபோய் விட்டோம். உனக்குப் பதினொரு வயது. நல்ல படிப்பு, நல்ல ஒழுக்கம் என்று எல்லாரும் சொன்னார்கள், நாங்களும் அதையே சொல்லிக்கொண்டோம். பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பும்போது நீ அழவில்லை. "காரைக்கால் பஸ் எத்தனை மணிக்கும்மா?" என்று மட்டும் கேட்டாய். மூன்றரைக்கு என்றேன். சரி என்று உள்ளே போய்விட்டாய். பிள்ளை கெட்டிக்காரன், அழவே இல்லை என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னேன். லீவுக்கு வந்தபோதெல்லாம் மார்க்கைக் கேட்டேன், சாப்பாட்டைக் கேட்டேன். வேறு எதையும் கேட்கவில்லை. என்ன பதில் வருமோ என்று எனக்குப் பயம். ஒருவேளை கேட்பதற்கு ஒன்றுமில்லை என்பதை நீ என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டாயோ என்னவோ.

இப்போது கேட்கிறேன். பக்கத்தில் யாரும் இல்லை, அப்பாவுக்கும் காட்டாமல்தான் எழுதுகிறேன். அந்த விடுதி உனக்குப் பிடித்திருந்ததா? அந்த மூன்றரை மணி பஸ்ஸை நீ எத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாய்?

இப்படிக்கு,
பதினைந்து வருஷம் தாமதமாகக் கேட்கும்
உன் அம்மா